கலாநிதிப் பட்டத்தின் பின் என்ன?

(சங்கத்தின் கல்விப் பகுதியார் நடத்திய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசும்படி பணித்த விஷயம் சிறிது நூதனமானது. உயர்தரப் பரீட்சை எழுதியவரும் பட்டதாரிகளும் உத்தியோகம் தேடும் வகையைப் பற்றி இத்தகைய மேடைகளிற் பலர் பேசியிருக்கின்றனர். பட்டங்களுள் மேலானதெனக் கருதப்படும் கலாநிதிப் பட்டத்தையும் பெற்று, அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவருக்கு உத்தியோகம் தேடும் வழியைச் சொல்லவேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். "அவ்வளவு படித்த பிள்ளைக்கு வேலை தானாகவே வந்து சேராதா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். தானாக வந்து சேராது. ஆதலினாலேயே இவ்விஷயத்தைப் பேச இசைந்தேன். இச்சபையில் இருக்கும் வாலிபருட் சிலர் பிறநாடுகளுக்குச் சென்று கலாநிதிப் பட்டம் பெற எண்ணியிருப்பீர்கள். சிலருடைய தமையன்மாரும் தமக்கைமாரும் ஏற்கெனவே அங்கே இருப்பார்கள். புறப்படுமுன் அறிந்திருக்கவேண்டியவற்றைச் சென்று சேர்ந்து ஆறு ஏழு ஆண்டுகள் கழித்து அறிவதாற் பயன் குறைவு.

முதலில் இந்தப் பதவி இன்னதென்று தெளிவாக்கிக்கொள்வோம். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், நிரந்தரமான உத்தியோகத்தில் அமருமுன், ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென ஒப்பந்தமாகிச் சம்பளம் பெற்று ஆராய்ச்சி செய்வது மேனாடுகளில் வழக்கமாகிவிட்டது. இப்பதவியை 'போஸ்ட்டொக்' என்று சுருக்கமாக வழங்குவர். இப்பதவியில் இருப்பவரை நான் இன்று பின்னாய்வாளர் என்று குறிப்பிடுகிறேன். இவர் மாணவர் அல்லர். எழுதவேண்டிய பரீட்சை ஒன்றும் இவருக்கு இல்லை. இவர் ஆசிரியரும் அல்லர்; சொந்த ஆய்வுகூடமும் இவருக்கு இல்லை. மாணவனுக்குப் பட்டமளிப்பு என்றொரு நாள் உண்டு. இவருக்கு "உன் காலம் முடிந்தது, நீ தேறிவிட்டாய்" என்று சொல்லும் நாள் எதுவும் இல்லை. இப்பதவியின் ஆபத்தெல்லாம் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

இவ்வழக்கம் எப்படித் தோன்றியது? 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ரொக்பெல்லர் தர்மநிதியம் வழங்கிய பணத்தைக் கொண்டு, அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் பௌதிகத்திலும் இரசாயனத்திலும் கலாநிதிப் பட்டம் பெற்ற இளைஞருக்கு உதவிச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிற்று. போதனைச் சுமையின்றிச் சில காலம் தாம் விரும்பிய ஆராய்ச்சியைச் செய்து, பின்பு சர்வகலாசாலைகளுக்குச் செல்லட்டும் என்பதே நோக்கம். பிற்காலத்தில் அணுகுண்டு ஆய்வினால் உலகறிந்தவரான ஒப்பன்ஹைமர் 1927ஆம் ஆண்டில் இவ்வுதவி பெற்றவருள் ஒருவர். அக்காலத்தில் உதவி பெற்றோர் சிலர். அவர்களுக்குக் காத்திருந்த இடங்களும் இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அரசாங்கங்கள் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஏராளமாகப் பணம் வழங்கின. அப்பணம் பேராசிரியரின் பெயரிலே வந்தது. பேராசிரியர் அதிலிருந்து பின்னாய்வாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். இளைஞரைப் பயிற்றுவதற்கென்று எழுந்த ஏற்பாடு, இவ்வாறு பேராசிரியரின் கருமத்தை முடிக்கும் ஏற்பாடாகவும் மாறிற்று. இம்மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டாற் பின்னால் நான் சொல்வனவெல்லாம் எளிதில் விளங்கும்.

பின்னாய்வாளர் தொகை பெருகியது. நிரந்தர இடங்களோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. இங்கிலாந்தின் றோயல் சங்கம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. அதன்படி விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெறுவோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுட் சர்வகலாசாலையில் நிரந்தர ஆராய்ச்சிப் பதவியை அடைவோர் ஏறக்குறைய 35 பேர். பேராசிரியர் ஆவோர் நான்கு ஐந்து பேர். பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றவுடனேயே விஞ்ஞானத்துக்குப் புறம்பான வேலைகளுக்குச் சென்றுவிடுகின்றனர். அந்தப் பாதிப்பேர் தோற்றுப்போனவர்கள் என்று எண்ணவேண்டாம். அவர்களிற் பலர் நல்ல நிலையில் வாழ்கின்றனர். நான் இக்கணக்கைச் சொல்வது, பேராசிரியர் பதவி ஒன்றையே நோக்கி நடப்பவர் எத்தகைய ஒடுங்கிய வாயிலை நோக்கி நடக்கிறார் என்பதை அறிவதற்காகவே.

யப்பானில் நடந்ததையும் கேளுங்கள். 1996ஆம் ஆண்டில் அந்நாட்டரசாங்கம் பின்னாய்வாளர் பதினாயிரம் பேருக்கு உதவுவதென்று ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தது. குறித்த தொகை காலத்துக்கு முன்னரேயே நிரம்பிற்று. ஆனால் அவர்கள் அடுத்து எங்கே செல்வது என்பதற்குத் திட்டம் இருக்கவில்லை. கம்பெனிகள் வயது கூடியவரைச் சேர்க்கத் தயங்கின. சர்வகலாசாலைகளில் இடம் இல்லை. நாற்பது வயதை நெருங்கியும் ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு மாறிக்கொண்டிருப்போரின் துன்பம் அங்கே ஒரு தேசியப் பிரச்சினை ஆயிற்று. ஜேர்மனியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், தவணை ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்வதற்குக் கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டும், பின் பொதுவாக ஆறு ஆண்டும் என்று எல்லை விதித்தது. ஏற்பாட்டை விளக்க அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஒரு சிறு படம் வெளியிட்டது; அதில் ஹன்னா என்றொரு கற்பனை ஆராய்ச்சியாளர் வந்தார். ஒரே தலைமுறையினர் இடங்களை அடைத்துக்கொள்ளாதிருக்கவே இவ்வெல்லை என்றது படம். 2021ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர் "நானே ஹன்னா" என்று தத்தம் வரலாறுகளைப் பகிரங்கமாக எழுதினர். அமெரிக்காவிலும் 2025ஆம் ஆண்டில் அரசாங்க ஆராய்ச்சி மானியங்கள் பல இடைநடுவில் நிறுத்தப்பட்டன. சர்வகலாசாலைகள் பல புதிய நியமனங்களை நிறுத்திவைத்தன. ஆகவே எந்த நாட்டுக்குச் சென்றாலும் இப்பதவி நிலையற்றது என்பதை முதலில் ஒப்புக்கொண்டே காலெடுத்து வைக்கவேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், "அப்படியாயின் அறிவுள்ளவர்கள் ஏன் இதில் ஆண்டுக்கணக்காக நின்றுவிடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். காரணம் சோம்பல் அன்று. பெரும்பாலும் உழைப்பே காரணம். ஆய்வு ஒன்று முடியுந் தறுவாயில் இருக்கும். "இன்னும் ஒரு கட்டுரை வெளிவரட்டும், அதன் பின் விண்ணப்பிக்கலாம்" என்று தோன்றும். அக்கட்டுரை வெளிவர ஓராண்டு செல்லும். அதற்குள் வேறொரு சோதனை நல்ல பலன் காட்டத் தொடங்கும். கைதேர்ந்த உதவியாளரை அனுப்பிவிடப் பேராசிரியருக்கும் மனம் வராது. அவர் தீயவர் என்று நான் சொல்லவில்லை. மானியத்தில் வாக்குறுதி செய்த வேலையை முடிப்பது அவருடைய பொறுப்பு. உங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடுவது உங்களுடைய பொறுப்பு. இவ்விரண்டும் ஒன்றாகச் செல்லும் காலமும் உண்டு, பிரிந்து செல்லும் காலமும் உண்டு. பிரியும் இடத்தை நீங்களே கண்டுகொள்ளவேண்டும்.

இனிச் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, சேருமுன் கேட்கவேண்டிய கேள்விகள். "இங்கே முன்பு இருந்த பின்னாய்வாளர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை ஆண்டுகள் இருந்து சென்றார்கள்?" என்று கேளுங்கள். நல்ல பேராசிரியர் பெயர் பெயராகச் சொல்வார். மழுப்புபவரிடம் எச்சரிக்கை வேண்டும். அங்கிருந்து சென்றவர் இருவர் மூவருக்குத் தனிப்படக் கடிதம் எழுதி விசாரியுங்கள். "எனக்குச் சம்பளம் எந்த நிதியிலிருந்து வருகிறது? அந்நிதி எந்த ஆண்டில் முடிகிறது?" என்பது அடுத்த கேள்வி. "நான் இங்கே தொடங்கும் ஆய்வில் எப்பகுதியை என்னோடு கொண்டுசெல்லலாம்?" என்பது மிக முக்கியமான கேள்வி. நாளைக்கு உங்கள் சொந்த ஆய்வுகூடத்துக்கு வித்து அதுவே. இதனைச் சேரும்போதே பேசி, சுருக்கமாக எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சம்பளத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படவேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் பயிற்சி உதவி பெறும் முதலாண்டுப் பின்னாய்வாளருக்கு 2024ஆம் ஆண்டில் விதித்த தொகை 61,008 டொலர். பல சர்வகலாசாலைகள் அதையே அளவுகோலாகக் கொள்கின்றன. குறித்த நகரத்தில் வீட்டு வாடகை எவ்வளவு என்பதையும் சேர்த்து நோக்கினாலே இத்தொகை பெரிதா சிறிதா என்பது தெரியும்.

விசா விதிகளையும் அன்றே படித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் ஆராய்ச்சி அறிஞராகச் செல்பவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவ்விசாவில் இருக்க முடியாது. எச்-1பி விசாவில் சர்வகலாசாலைகளுக்கு ஆண்டுத் தொகைக் கட்டுப்பாடு இல்லை, கம்பெனிகளுக்கு உண்டு. ஆகவே சர்வகலாசாலையிலிருந்து கம்பெனிக்கு மாற நினைப்பவர், திறமை இருந்தும், அனுமதிக்காகக் குலுக்கற் சீட்டில் நிற்க நேரிடலாம். இவ்விதிகள் அடிக்கடி மாறுவன. சர்வகலாசாலையில் இதற்கென இருக்கும் அலுவலகத்தை ஆண்டுக்கொரு முறையேனும் சென்று காண்பது உசிதம்.

இரண்டாவது, காலத் திட்டம். இதுவே இன்று நான் சொல்ல வந்தவற்றுள் தலையாயது. இப்பதவியில் எவ்வளவு காலம் இருப்பது என்பதைச் சேர்ந்த அன்றே நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறர் தீர்மானிக்கும்வரை காத்திராதீர்கள். ஐந்தாண்டு என்பது பலரும் ஒப்புக்கொண்ட மேலெல்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கலாசங்கங்களின் 2014ஆம் ஆண்டறிக்கை அதனையே சொன்னது. தேசிய சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை கூறிய குழு 2023ஆம் ஆண்டு டிசெம்பரிலும் அதனையே சொன்னது. ஐந்தாண்டு இருக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. மூன்றாண்டில் வெளியேற முடிந்தால் மூன்றாண்டே போதும்.

காலத்தைத் தவறவிடுவதால் நேரும் நட்டத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேற்சொன்ன நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஒரு பரிசு நிதியை ஏற்படுத்திற்று. பின்னாய்வாளராக இருக்கும்போதே அதைப் பெற்றவர், பதவி கிடைத்தபின் எஞ்சிய நிதியைத் தம்முடன் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லலாம். கையில் நிதியோடு வருபவரைச் சர்வகலாசாலைகள் விரும்புவது இயல்பே. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதாருக்கும் அதனை ஏற்படுத்தியபோதே வாயிலைத் திறந்துவிட்டனர். ஆனால் பின்னாய்வு அனுபவம் நான்கு ஆண்டுக்கு மேற்பட்டவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாதென்று 2014ஆம் ஆண்டு முதல் விதி வந்தது. நான்காம் ஆண்டின் முடிவில் அதைக் கேள்விப்படுபவர் என்ன செய்வார்? ஐரோப்பாவின் மேரி கியூரி உதவிக்கும் 2021ஆம் ஆண்டு விதிப்படி, பட்டம் பெற்று எட்டாண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். இத்தகைய நிதிகள் ஒவ்வொன்றுக்கும் உள்ள கடைசி நாளைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

முதலாண்டில் உங்களை நீங்களே அளந்து பாருங்கள். எந்த வேலை செய்யும்போது பொழுது போவது தெரிவதில்லை? எழுதுவதா, சோதனை செய்வதா, கணக்கிடுவதா, இளையோருக்குக் கற்பிப்பதா, பலரைச் சேர்த்து வேலை வாங்குவதா? இதற்கென்றே அமெரிக்க விஞ்ஞானிகள் சங்கங்கள் சில சேர்ந்து 2012ஆம் ஆண்டில் ஒரு வினாத்திரட்டை ஆக்கி இணையத்தில் இலவசமாக வைத்தன. தனியாள் அபிவிருத்தித் திட்டம் என்று அதற்குப் பெயர். அதைப் பூர்த்தி செய்து ஆண்டுக்கொரு முறை பேராசிரியரோடு இருந்து பேசுங்கள். இரண்டாமாண்டில் சொந்தப் பெயரில் ஏதாவது ஒரு நிதிக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டாலும் விண்ணப்பம் எழுதும் பழக்கம் கைவரும். அவ்வாண்டிலேயே வெவ்வேறு தொழிலில் இருப்போர் பத்துப் பேரையாவது சந்தியுங்கள். மூன்றாமாண்டில் உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டு உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட சர்வகலாசாலைகள், ஆராய்ச்சியாளர் தம் தொழில் வளர்ச்சிக்காக ஆண்டுக்குப் பத்து நாட்களைச் செலவிட இடங்கொடுப்பதாக வாக்களித்திருக்கின்றன. அந்தப் பத்து நாட்களையும் கேட்டு வாங்குங்கள். கேளாதவருக்கு யாரும் கொண்டுவந்து கொடார்.

மூன்றாவது, விண்ணப்பிக்கும் முறை. சர்வகலாசாலை வேலைக்கு அமெரிக்காவில் ஒரு பருவம் உண்டு. விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வரும். நேர்முகம் டிசெம்பர் முதல் மார்ச்சு வரை நடக்கும். பதவியேற்பது அடுத்த இலையுதிர்காலத்தில். ஆகவே 2027ஆம் ஆண்டு செப்டெம்பரில் வேலைக்குச் செல்ல விரும்புபவர் 2026ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் பத்திரங்களை ஆயத்தம் செய்திருக்கவேண்டும். விண்ணப்பக் கடிதம், தகைமைப் பட்டியல், இனிச் செய்யப்போகும் ஆராய்ச்சியின் விளக்கம், கற்பித்தல் பற்றிய குறிப்பு, மூவருடைய சிபாரிசுக் கடிதம் என்பவை பொதுவாக வேண்டப்படும். இவற்றுள் ஆராய்ச்சி விளக்கமே முக்கியம். "என் பேராசிரியரின் ஆய்விலிருந்து என் ஆய்வு எவ்விதத்தில் வேறானது?" என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கவேண்டும். சிபாரிசு எழுதுவோருக்கு ஒரு மாதம் முன்னதாகவே தெரிவித்து, உங்கள் தகைமைப் பட்டியலையும் அனுப்பிவையுங்கள். மூவரில் ஒருவராவது உங்களோடு ஒரே ஆய்வுகூடத்தில் இராதவராய் இருத்தல் நன்று. மாநாடுகளில் உங்கள் பேச்சைக் கேட்டவராக அவர் இருக்கலாம்.

நேர்முகத்தில் ஒரு பெரிய விரிவுரை உண்டு. உயிரியற் பகுதிகளில் அதன் பின் கரும்பலகைப் பேச்சு என்றொரு சோதனையும் வைப்பர். படங்கள் எதுவுமின்றி, வெண்கட்டியுடன் பலகை முன் நின்று, அடுத்த ஐந்தாண்டில் என்ன செய்வேன், முதற் சோதனை எது, அது தவறினால் இரண்டாவது எது, பணம் எங்கிருந்து பெறுவேன் என்பவற்றைப் பத்துப் பதினைந்து ஆசிரியர் குறுக்கிட்டுக் கேட்கக் கேட்க விளக்கவேண்டும். அடக்கமாக இருக்கவேண்டுமென்று வளர்ந்த நம் பிள்ளைகள் இவ்விடத்தில் வாய்மூடிவிடுகிறார்கள். தெரிந்ததைத் தெரிந்ததாகச் சொல்வது அகந்தை ஆகாது. நண்பர்களை இருத்தி நாலைந்து முறை பழகிக்கொண்டு செல்லுங்கள்.

நான்காவது, சர்வகலாசாலைக்கு வெளியே உள்ள வேலைகள். அரசாங்க ஆய்வுகூடம், மருந்துக் கம்பெனி, கருவிகள் செய்யும் கம்பெனி, மருந்துகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரசபை, புத்தாக்க உரிமங்களைச் சோதிக்கும் அலுவலகம், விஞ்ஞானச் சஞ்சிகைகளின் ஆசிரியர் குழு, புள்ளிவிவர வேலை, பாடசாலைப் போதனை என்று இப்பட்டியல் நீளும். அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1973ஆம் ஆண்டு முதல் விஞ்ஞானிகளை அரசாங்கக் கருமங்களிற் பழக்கும் உதவித் திட்டமொன்றைத் தொடங்கி நடத்திற்று. அதன்வழி சென்று அந்நாட்டு அரசாங்க அலுவலகங்களில் நிலைத்தவர் பலர். கம்பெனிகளுக்குப் பருவம் இல்லை. இடம் வெறுமையானபோது ஆள் தேடுவர். அவர்களுக்கு இருபது பக்கத் தகைமைப் பட்டியலை அனுப்பினாற் படிக்கமாட்டார்கள். இரண்டு பக்கத்துக்குள், அந்த விளம்பரத்தில் அவர்கள் கேட்டதற்கு நேராக எழுதவேண்டும். "இன்ன சஞ்சிகையில் இத்தனை கட்டுரை" என்பதிலும், "இன்ன முறையை நான் அமைத்தேன்; முன்பு இரு வாரம் சென்ற வேலை மூன்று நாளில் முடிந்தது" என்பது போன்ற வாக்கியம் அவர்களிடத்து மதிப்புப் பெறும்.

இத்தகைய இடங்கள் எல்லாம் விளம்பரமாவதில்லை. தெரிந்தவர் வாய்வழியே செய்தி வருவதுண்டு. ஆதலால் அத்தொழிலில் இருப்பவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, "உங்கள் தொழிலைப் பற்றி அறிய இருபது நிமிஷம் தருவீர்களா?" என்று கேளுங்கள். அச்சந்திப்பில் வேலை கேட்கவேண்டாம். அவர் நாளை எப்படிக் கழிக்கிறார், எதனைப் படித்திருந்தால் நன்று என்று நினைக்கிறார் என்பவற்றைக் கேளுங்கள். முடிவில், "வேறு யாரைச் சந்திக்கலாம்?" என்று கேளுங்கள். மறுநாள் நன்றிக் கடிதம் எழுதுங்கள். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் இன்னார் மகன் என்று விசாரித்து அறிமுகமாகும் நமக்கு இது புதிய வித்தை ஆகாது. அந்நிய நாட்டில் அதைச் செய்யக் கூச்சப்படுகிறோம், அவ்வளவே.

இங்கே ஒருவருடைய வரலாற்றைச் சொல்வது பொருந்தும். வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952ஆம் ஆண்டில் சிதம்பரத்திற் பிறந்தவர். பரோடாவிற் படித்து, 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகாயோ சர்வகலாசாலையிற் பௌதிகத்திற் கலாநிதியானார். பௌதிகத்தில் தமக்கு மேலும் ஈடுபாடு இல்லை என்று கண்டு, கலாநிதியாக இருந்தும் மீண்டும் மாணவராகச் சேர்ந்து கலிபோர்னியாவில் இரண்டாண்டு உயிரியல் படித்தார். 1978ஆம் ஆண்டு முதல் 1982ஆம் ஆண்டு வரை யேல் சர்வகலாசாலையிற் பின்னாய்வாளராக இருந்து, உயிர்க்கலத்திற் புரதத்தை உண்டாக்கும் இறைபோசோமை ஆராய்ந்தார். பின்பு ஏறக்குறைய ஐம்பது சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. அவர் அரசாங்க ஆய்வுகூடத்துக்குச் சென்றார். 1983ஆம் ஆண்டு முதற் பன்னிரண்டாண்டு புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். அங்கே இருந்துகொண்டே இறைபோசோம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நடுவில் ஓராண்டளவில் கேம்பிரிட்ஜுக்குச் சென்று பளிங்குருவியல் முறையைக் கற்றார். பின்பு யூட்டா சர்வகலாசாலையிலும், 1999ஆம் ஆண்டு முதற் கேம்பிரிட்ஜிலும் பணிபுரிந்தார். 2009ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கான நோபெற் பரிசை மற்றிருவருடன் பெற்றார்.

எல்லோரும் நோபெற் பரிசு பெறுவர் என்று சொல்ல நான் இதனை எடுத்துக்காட்டவில்லை. ஐம்பது மறுப்பு வந்தபோது அவர் செய்ததைக் கவனியுங்கள். அவர் ஒரே கதவின் முன் இருந்து காத்திருக்கவில்லை. பின்னாய்வுப் பதவியை ஏழாண்டு எட்டாண்டு என்று நீட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. தமக்கு வேண்டியது பேராசிரியர் என்ற பெயரா, இறைபோசோம் ஆராய்ச்சியா என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆராய்ச்சியைச் செய்ய எந்த இடம் விடுகிறதோ அங்கே சென்றார். ஹங்கேரி நாட்டிலிருந்து 1985ஆம் ஆண்டிற் பின்னாய்வாளராக அமெரிக்கா சென்ற கத்தலின் கரிக்கோ அம்மையாரும், சர்வகலாசாலையில் நெடுங்காலம் உரிய இடம் கிடையாமல், 2013ஆம் ஆண்டில் ஜேர்மனியக் கம்பெனி ஒன்றிற் சேர்ந்தார். கொரோனாத் தடுப்பூசிக்கு அடிகோலிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 2023ஆம் ஆண்டில் மருத்துவ நோபெற் பரிசு கிடைத்தது.

நாடு திரும்ப எண்ணுபவருக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஆரம்பநிலைத் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்வதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டியதில்லை. சிறந்த வகுப்பிற் சித்தி பெற்ற பட்டதாரி சேர்ந்து, விடுமுறை பெற்று, பிணை எழுதிவைத்துப் பிறநாடு செல்வதே வழக்கம். அவ்வாறு சென்றவர் பின்னாய்வுப் பதவி கிடைத்தவுடன் மகிழ்ந்து ஏற்குமுன், விடுமுறை எத்தனை நாள் மிஞ்சியிருக்கிறது, பிணையின் நிபந்தனை யாது என்பதை எழுத்தில் உறுதி செய்யவேண்டும். இல்லையேல் கையொப்பமிட்ட பிணைகாரர் துன்பப்படுவர். அவ்வகையிற் செல்லாதவர், தம் துறையில் எந்த இடம் எப்போது வெறுமையாகும் என்பதை ஆண்டுதோறும் விசாரித்து வைத்திருக்கவேண்டும். சர்வகலாசாலைகள் மாத்திரமன்றி, கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும், தலவாக்கலையில் தேயிலை, அகலவத்தையில் இறப்பர், லுணுவிலையில் தென்னை ஆகியவற்றின் ஆராய்ச்சி நிலையங்களும், ஹோமாகமையில் நனோ தொழினுட்ப நிறுவனமும் இருக்கின்றன.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. படித்த குடும்பங்களில் அது இப்போது வேறுருவம் எடுத்து, ஆராய்ச்சி செய்தாலும் சர்வகலாசாலையிலேயே செய்யவேண்டும் என்று ஆகிவிட்டது. "பிள்ளை எப்போது பேராசிரியர் ஆவார்?" என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் கேட்கிறீர்கள். அக்கேள்விக்கு விடைசொல்ல இயலாமலே, கம்பெனியில் வந்த நல்ல வேலையை ஏற்க மனமின்றி, இன்னும் ஓராண்டு, இன்னும் ஓராண்டு என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கலியாணம் தள்ளிப்போகிறது. காணி ஈடு மீட்கப்படாமற் கிடக்கிறது. நோயுற்ற தாய் தகப்பனைப் பார்க்கவும் முடிவதில்லை. இனிமேல் வேறு கேள்வி கேளுங்கள். "அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா? ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அதன் பின் செய்யப்போவதை யோசித்துவிட்டாயா?" என்று கேளுங்கள். அப்பிள்ளை மனம் விட்டுப் பேசுவதற்கு இக்கேள்விகள் இடங்கொடுக்கும்.

வாலிப அன்பர்களே, கலாநிதிப் பட்டத்துக்குச் செல்லுங்கள், பின்னாய்வுக்கும் செல்லுங்கள். புதியதொன்றை முதன்முதலாக அறியும் இன்பம் வேறெதிலும் கிடைப்பது அரிது. ஆனால் செல்லும் நாளிலேயே திரும்பும் நாளையும் ஒரு தாளில் எழுதி மேசையின்மேல் ஒட்டிவையுங்கள். அந்நாளுக்கு ஓராண்டு முன்னரே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.